போணிக்கு ஆகாத லுவா

லுவாவின் மகள் தலைகழுவும் கடை திறந்த அன்று அறுபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை கடைவாசலில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, தாம்பாக் ஆற்றுப் பாலத்தில் ஏறி அக்கரையில் இறங்கிற்று. கடைசியில் நின்றவளுக்குத் தன் முறை வருவதற்குள் முடி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது.

இது லுவா சொல்லும் கணக்கு. குயெனின் நண்டு நூடுல்ஸ் கடையில், நீல பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. கேட்கிறவர்கள் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி முறைத்தால் மட்டும் கொஞ்சம் இறங்கி வருவாள்.

"சரி, பாலம் வரைக்கும் போகல. மருந்துக்கடை வரைக்கும்னு வச்சுக்கோங்க. அறுபது இல்ல, இருபது. முடி வளந்தது நானா சேத்தது. ஆனா அந்தக் கடையில முதல் காலடி எடுத்து வச்சது நான்தான். அதுல ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல."

அந்த முதல் காலடிக்குப் பின்னால் ஏழு வருஷத்துப் பசி இருக்கிறது.

ஹைஃபோங் நகரத்தில் கடை போட்டிருக்கும் எந்தப் பெண்ணிடமும் போணி விஷயத்தில் விளையாட முடியாது. காலையில் முதலில் வந்தவள் யார், சிரித்த முகமா சிடுமூஞ்சியா, பேரம் பேசினாளா, தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாளா, இதெல்லாம் சேர்ந்துதான் அன்றைய வியாபாரம். கைராசி உள்ளவள் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிப் போனால் மத்தியானத்துக்குள் கூடை காலி. ராசி கெட்டவள் வந்து போனால், கடைக்காரி ஒரு பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, கூடையைச் சுற்றி, முக்காலிக்கு அடியில் காட்டி, அவள் போன திக்கைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லி அணைப்பாள். அந்த நாலு வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அந்தத் தெருவின் கைராசிக்காரி தையல்காரி வூய். உருண்டை முகம், ஒரு தங்கப்பல், சிரித்தால் எதிர்ச்சாரியில் சைக்கிள் நிற்கும். பேரம் பேசவே மாட்டாள். அதனால் தெருவில் உள்ள அத்தனை பெண்களுக்கும் காலையில் அவள்தான் வேண்டும். ஐந்தே முக்காலுக்கு ஒட்டரிசிச் சோறு விற்கிறவளிடம் ஒரு பொட்டலம், ஐந்து ஐம்பதுக்கு ரொட்டிக்காரியிடம் ஒரு ரொட்டி, ஆறு மணிக்கு குயெனிடம் ஒரு கிண்ணம் நூடுல்ஸ், ஆறேகாலுக்கு சோயாப்பால். ஏழு மணிக்குள் நாலு காலைச் சாப்பாடு. எடையைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் அவள், "நான் குறைச்சுக்குவேன் டாக்டர், தெரு பட்டினி கிடக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டாளாம்.

இந்தக் கோடியில் வூய் என்றால் அந்தக் கோடியில் லுவா.

லுவா நகரத்தைக் கூட்டுகிறவள். இருட்டு பிரிவதற்குள் மூன்று தெரு, இரண்டு சந்து, ஒரு சந்தை வாசல். ஆளுயர மூங்கில் துடைப்பம், இரும்புத் தள்ளுவண்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முகத்தில் கண் மட்டும் தெரியும்படி கட்டிய துணி. கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்து, சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான். தெருப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாத சமாச்சாரமெல்லாம் லுவாவின் துடைப்பத்துக்குத் தெரியும். வூய் வாசலில் சிவப்புப் பட்டு நறுக்குகள் கிடந்தால் யாருக்கோ கல்யாணம். ரொட்டிக்காரி வாசலில் முட்டை ஓடு குறைந்தால் அவள் மாமியாரோடு சண்டை, கடையை மாமியார் பார்க்கிறாள் என்று அர்த்தம். இவ்வளவு தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டாள். பெருமை என்னவென்றால், திறக்க மாட்டேன் என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

வேலை முடிய ஐந்தரை ஆகும். அந்த நேரத்தில் அவள் வயிற்றுக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து துடைப்பம் போட்டுக்கொண்டிருப்பாள். எதிரிலேயே குயெனின் பானை. வயல் நண்டை ஓட்டோடு இடித்து வடித்த சாறு மேலே மேகம்போலத் திரண்டு நிற்கும். பட்டையான பழுப்பு நிற அரிசி நூடுல்ஸ், வதக்கிய சின்ன வெங்காயம், வெற்றிலை மாதிரி இலையில் சுருட்டிப் பொரித்த இறைச்சி. அந்த வாசனைக்கு செத்தவன் எழுந்து உட்கார்ந்து மிளகாய் விழுது கேட்பான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் லுவா அந்தக் கடையின் முதல் ஆளாக உட்கார்ந்தாள். இரண்டாவது வாய் எடுத்து வைப்பதற்குள் ஒலிபெருக்கி கட்டின லாரி ஒன்று வந்து நின்றது. நடைபாதையை ஒழுங்குபடுத்த வந்தவர்கள். குயெனின் பதினாலு முக்காலிகளில் பதின்மூன்றை லாரியில் ஏற்றிவிட்டு, பதினாலாவதன் மேல் உட்கார்ந்திருந்த லுவாவிடம் மிகவும் மரியாதையாக, "கொஞ்சம் எந்திரிங்கக்கா" என்றார்கள். அவள் எழுந்தாள். கிண்ணத்தைக் கையில் பிடித்து நின்றபடியே மிச்சத்தைக் குடித்து முடித்தாள். அன்று மத்தியானம் குயெனின் நண்டு இடிக்கும் கல்லுரல் இரண்டாக விண்டது. சாயங்காலம் குயெனின் கணவன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். தெரு இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்து, முடிச்சில் லுவாவின் பெயரைக் கட்டியது.

குயென் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை. மறுநாளிலிருந்து பானை மட்டும் கொதிப்பதை நிறுத்திக்கொண்டது.

"அக்கா, கொதிச்சிருச்சா?"

"இன்னும் இல்லடி. கொஞ்சம் உக்காரு."

பானை மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும். ஆவியில் குயெனின் முகமே தெரியாது. லுவா வண்டிக் கைப்பிடியில் சாய்ந்து, ஆற்றைப் பார்த்தபடி துடைப்பத்தின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். ஆறு மணிக்கு வூய் அசைந்து அசைந்து வந்து உட்கார்ந்து ஒரு கரண்டி சாறு உறிஞ்சியதும், குயென் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தான் கொதிச்சுது. வா லுவா" என்பாள். கிண்ணத்தில் அவளுக்கு மட்டும் ஒரு இறைச்சிச் சுருள் கூடுதலாக இருக்கும். இப்படி ஏழு வருஷம். அந்தப் பொய்யை இரண்டு பேரும் கண்ணாடிப் பாத்திரம்போலக் கைமாற்றிக்கொண்டார்கள். ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை.

லுவாவுக்கும் அது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. அரை மணி நேரப் பசிதானே. மகள் நெத் சொந்தமாகக் கடை திறக்கப்போகிறாள் என்ற நாள் வரைக்கும்.

நெத் யாரோ ஒருத்தியின் கடையில் ஐந்து வருஷம் ஊர்த் தலைகளைக் கழுவி, விரல் நுனியெல்லாம் ஊறிப்போய், கடைசியில் ஆற்றோரத் தெருவின் மேட்டுப் பக்கத்தில் ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மூன்று படி ஏறினால் கடை. உள்ளே படுத்துக்கொண்டு தலை கழுவும் இரண்டு சாய்வு நாற்காலி, வெள்ளை டைல்ஸ், சுவரில் ஒரு ஆள் உயரக் கண்ணாடி. பஞ்சாங்கக்காரர் எட்டாம் மாதம் ஆறாம் தேதியைக் குறித்துக் கொடுத்தார். டிராகன் நேரம் என்கிற நல்ல நேரம், காலை ஏழேகால்.

கடை திறக்கும்போது முதலில் யார் காலெடுத்து வைக்கிறார்கள் என்பது ஒரு நாள் போணியைவிடப் பெரிய சமாச்சாரம். அந்தக் கால்தான் கடை இருக்கும் வரைக்கும் கூட வரும்.

"அம்மா, ஆறாந்தேதி உனக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும்?" என்று கேட்டாள் நெத். மடியில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் போல. அஞ்சரை."

"ஓ." அவள் ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, ஒரு ஒம்பது மணிக்கு வாயேன். களைப்பா இருப்ப இல்ல."

லுவாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. குப்பையைப் பார்த்தே வீட்டைச் சொல்கிறவளுக்கு மகள் முகம் பார்க்கத் தெரியாதா?

"ஒம்பது ரொம்ப சீக்கிரம். பத்துக்கு வரேன்."

"வூய் சித்திகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஏழேகாலுக்கு."

"நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு லுவா வெளியே போய், ஏற்கனவே கூட்டியிருந்த வாசலை இன்னொரு முறை கூட்டினாள். அன்றைக்கு அந்த வாசலில் ஒரு சுற்று மண் குறைந்தது.

ஆறாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு மனுஷி தன் ராசியைக் கழுவி வெளுத்துவிட முடியாதா என்று லுவா யோசித்தாள். பத்து மணிக்குப் போகலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் பெற்ற மகள் கடைக்குள் தாய் நுழைவதற்கு முன்னால் வேறொருத்தி உள்ளே போய் வழி சுத்தம் பண்ண வேண்டும் என்பது தொண்டையில் நண்டு ஓடுபோலக் குத்திக்கொண்டே இருந்தது.

முதலில் பூத்து முற்றின கொத்தமல்லியை வேரோடு வேகவைத்த தண்ணீரில் குளித்தாள். வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் பழைய பீடை போக எல்லோரும் குளிப்பதுதான். லுவா தினமும் குளித்தாள். நாலாம் நாள் அவள் கடைக்கு எதிரே வந்து நின்றதும் குயென் மூக்கை உறிஞ்சினாள்.

"எங்கயோ சூப்புக்குத் தாளிக்கிறாங்க போலிருக்கே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா. கொதிச்சிருச்சா?"

"இன்னும் இல்லடி."

கொத்தமல்லி பலிக்கவில்லை. அடுத்து, தன் ராசியைத் தானே பரீட்சை பண்ணிப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். தன்னைத் தெரியாத ஊரில்தான் அதைச் செய்ய முடியும். ஒரு விடுமுறை நாளில் ஆற்றைக் கடந்து, வேறு வட்டாரச் சந்தைக்கு விடியும் முன்பே போனாள். நல்ல ரவிக்கை, கூந்தலில் எண்ணெய். நீர்க்கீரை விற்கும் ஒருத்தி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். லுவா ஒரு கட்டு வாங்கினாள், பேரம் பேசவில்லை, வூய் சிரிக்கிற மாதிரி சிரித்துப் பார்த்தாள். தங்கப்பல் இல்லாமல் அது சரியாக வரவில்லை. பிறகு மின்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கம்பம் ஒல்லி, லுவா அப்படியில்லை. இருந்தாலும் அங்கே நின்றபடி சந்தை முழுவதையும் பார்த்தாள். மீன்காரி ஒருத்தி வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் விரால்மீனோடு மல்லுக்கட்டினாள். வாத்து விற்கிறவள் ஒரு தொடையில் வாத்தையும் மறு தொடையில் கைக்குழந்தையையும் வைத்திருந்தாள். இரண்டும் ஒரே சுருதியில் கத்தின. தோசைபோல மெல்லிய அரிசி அப்பம் ஊற்றுகிறவள் மூங்கில் குச்சியால் அப்பத்தை எடுத்து விரிக்கும் அதே கையால் பக்கத்துக் கடைக்காரியின் சண்டைக்குத் தீர்ப்பும் சொன்னாள். லுவா தன் வேலையையே மறந்து வாயைப் பிளந்து நின்றிருக்கையில், வாட்டசாட்டமான ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, நீர்க்கீரைக் கூடை முழுவதையும் ஒரே மூட்டையாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

லுவாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கீரைக்காரியின் கையைப் பிடித்தாள்.

"பாத்தியா தங்கச்சி, நான் ஒரு கட்டு வாங்கினேன், மொத்தமும் போயிருச்சு."

"அந்த அக்காவா? அது சாப்பாட்டுக்கடை வச்சிருக்கு. தினமும் அதுதான் மொத்தமா எடுத்துக்கும்" என்றாள் கீரைக்காரி. அப்புறம் லுவாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதானா இவ்வளவு நேரம் கம்பத்துக்குப் பின்னால நின்னது? நான் வட்டார ஆபீஸ் ஆளுன்னு நினைச்சு பாதிக் கீரையத் தார்ப்பாய்க்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன்."

பரீட்சையில் லுவா தேறினாளா தவறினாளா என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. அவள் அந்த ஒரு கட்டுக் கீரையைப் பூண்டு போட்டு வதக்கிச் சாப்பிட்டாள்.

ஆறாம் தேதி வந்தது. கூடவே கடலிலிருந்து ஒரு புயலின் வாலும் வந்தது. விடியும் நேரத்தில் மழையும் ஆற்றேற்றமும் ஒன்றாகச் சேர, பள்ளத் தெருக்களெல்லாம் குளம். தெருவோரத்து வாதுமை மரங்கள் கைக்கு எட்டிய கிளையையெல்லாம் முறித்துப் போட்டிருந்தன. லுவா கிளைகளை இழுத்து ஓரம் கட்டி முடிக்கும்போது மணி ஆறே முக்கால். தலைத்துணி எங்கேயோ பறந்துவிட்டது. அவள் தலைமுடியில் பாதி மரம் குடியிருந்தது. போன் அடித்தது.

"அம்மா." அடுத்த முனையில் நெத். "வூய் சித்தி சந்துல தொடை வரைக்கும் தண்ணியாம். வர முடியாதுன்னு சொல்றாங்க. இந்த நேரத்தை விட்டா அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுத்தான். வாடகை இன்னையிலேருந்து."

லுவா தன் பூட்ஸைப் பார்த்தாள். தள்ளுவண்டியைப் பார்த்தாள்.

"தண்ணியக் கொதிக்க வை. வூய் ஏழேகாலுக்கு வந்துருவா."

மழை வண்டியைக் கழுவி வைத்திருந்தது. லுவா அதில் ஒரு புது நீலத் தார்ப்பாயை விரித்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வூயின் சந்துக்குள் தள்ளிப் போனாள். வூய் ஊதா வெல்வெட்டில் கணுக்கால் வரை நீளும் திருவிழா அங்கியும் கழுத்தில் முத்துமாலையுமாகத் தையல் மேசையின் மேல் ஏறி நின்றிருந்தாள்.

"இதுலயா?" என்றாள் வண்டியைப் பார்த்து.

"காலையில கழுவினது. உன் ஸ்கூட்டர் சீட்டைவிட சுத்தம்."

"அக்கா, குப்பை வண்டியில ஏறினா என் கைராசி என்னாகும்?"

"ராசி உன் கையில இருக்கு. வண்டியில வைக்கப்போறது வேற இடம். ஏறு."

வூய் ஏறினாள். வண்டி ஒரு முழம் இறங்கிற்று. நாலு காலைச் சாப்பாட்டின் கனம் என்னவென்று லுவாவுக்கு அன்றுதான் புரிந்தது. பூப்போட்ட குடையைப் பிடித்தபடி தையல்காரி முன்னால் வீற்றிருக்க, பின்னால் லுவா பல்லைக் கடித்துத் தள்ள, அந்த ஊர்வலம் ஆற்றோரத் தெருவில் திரும்பியது. குயென் தன் கடையில் கணுக்கால் தண்ணீரில், ஓர் ஆள்கூட வராத பானையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி லுவா, இன்னைக்கு மொத்தத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டியா?"

"வாயக் கழுவுங்கக்கா" என்றாள் மூட்டை.

"எங்க போறீங்க?"

"என் பொண்ணு கடைக்கு. நேரம் ஆச்சு" என்று லுவா மூச்சுக்கு நடுவே சொன்னாள். குயென் பானையை மூடினாள், அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். வியாபாரமும் இல்லை, இதைவிட்டால் வேடிக்கையும் இல்லை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது ஏழு பதினான்கு. மூன்று படியில் கீழ்ப்படி தண்ணீருக்குள். மேல்படியில் நெத் வெள்ளைத் துண்டோடு நின்றாள். மாடி ஜன்னல்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள். வண்டிச் சக்கரம் தண்ணீருக்குள் எதிலோ முட்டி நின்றுவிட்டது. வூயின் வெல்வெட் அங்கி இடுப்பில் இறுக்கம். காலைத் தூக்கினால் தையல்காரியின் தையலே விட்டுவிடும். லுவா தாவி மேல்படியில் ஏறினாள், கடைவாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள், வூயின் இரண்டு கையையும் பிடித்தாள். குயென் கீழே வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இழுக்கிறேன், நீ எம்பு. ஒண்ணு. ரெண்டு."

மூன்றுக்கு வூய் எம்பவில்லை. ஈரக் கை நழுவியது. அடுத்த நொடி வூய் வண்டியில் இருந்தாள், லுவா கடைக்குள் இருந்தாள்.

மாடியிலிருந்து ஒரு குரல், "பேப்பர், பேப்பர். சீக்கிரம் கொளுத்து" என்றது.

நெத்தின் கை தானாகவே மேசை மேல் இருந்த விளம்பரத் தாளை எடுத்தது. லுவா வெள்ளை டைல்ஸில் உட்கார்ந்தபடி, ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல், சேறும் இலையுமாக மகளைப் பார்த்தாள்.

"நான் உள்ள வரல கண்ணு. வழுக்கிட்டேன், அவ்வளவுதான். இதோ வெளிய போயிடறேன். நீ கொளுத்து, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." சொல்லிக்கொண்டே கையை ஊன்றி வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தாள். தெருவைக் கூட்டும்போது எவ்வளவு ஒழுங்கோ அவ்வளவு ஒழுங்காக, தான் போட்ட சேற்றை உள்ளங்கையால் வழித்துக்கொண்டே நகர்ந்தாள்.

நெத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தீப்பெட்டி அவள் பக்கத்திலேயே இருந்தது. அவள் குனிந்து, அந்தத் தாளை அம்மாவின் பூட்ஸுக்கு அடியில் விரித்தாள்.

"நகராதம்மா. டைல்ஸெல்லாம் சேறாகுது. எந்திரிச்சு இதுல நில்லு." பிறகு கையைக் கொடுத்துத் தூக்கினாள். "தலையப் பாரு, ஒரு தோட்டமே இருக்கு. வந்து படு."

"வூய் வெளிய இருக்காளே."

"முதல் தலை அழுக்கா இருக்கணும். சுத்தமான தலையக் கழுவி நான் என்னத்த வித்தை காட்டறது?"

சாய்வு நாற்காலியில் லுவா படுத்தாள். பம்ப்ளிமாஸ் தோலும் சீயக்காய் மாதிரி சுட்டெடுத்த காயும் போட்டுக் காய்ச்சின வெந்நீர் தலையில் விழுந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடியிலிருந்து மூன்று வாதுமை இலை வந்தது, ஒரு குச்சி வந்தது, ஒரு லாட்டரிச் சீட்டுத் துண்டு வந்தது. ஒரு சின்ன மீனும் வந்தது என்று லுவா சொல்வாள். அது பற்றி நெத் கருத்துச் சொல்வதில்லை. கழுவுகிற விரல்கள் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றதும், பிறகு வழக்கத்தைவிட அழுத்தமாகத் தேய்த்ததும் லுவாவுக்கு மட்டும் தெரியும். எழுந்ததும், பத்து மணிக்கு வந்து கொடுக்கலாமென்று ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த புத்தம்புது நோட்டை எடுத்து நீட்டினாள். நெத் வேண்டாம் என்று சொல்லவில்லை. போணி நோட்டை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதைக் கண்ணாடியின் மூலையில் செருகி வைத்தாள்.

"என்னை யாராவது இறக்குவீங்களாடி?" என்று வெளியே குடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

இறக்குவதற்கு முன்பே கூட்டம் கூடிவிட்டது. பள்ளத்துச் சந்தையில் தண்ணீர் ஏறியதால் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்த பெண்கள், தெருவின் கைராசிக்காரி வெல்வெட்டும் முத்துமாக ஒரு கடைவாசலில் தேர் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து வெந்நீரும் பம்ப்ளிமாஸும் மணத்தன. நனைந்து நடுங்குகிற ஒருத்தி படியேறினாள், அவள் பின்னால் ஒருத்தி, அப்புறம் ரொட்டிக்காரி, சோயாப்பால்காரி. ஏழாவதாக குயெனே அகப்பையைச் சுவரில் சாத்திவிட்டுப் படுத்தாள். மழை விடும்போது நெத்தின் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

யாருடைய ராசி என்று தெரு ஒரு வாரம் வாதாடியது. வாசலில் விளக்கு மாதிரி உட்கார்ந்திருந்தது நான்தானே என்றாள் வூய். மழையின் ராசி என்றாள் ரொட்டிக்காரி. குயென் தன் பானையை விளக்கிக்கொண்டிருந்தாள்.

கடை திறந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு லுவா வழக்கம்போல எதிரே வண்டியை நிறுத்தினாள். ஆற்றைப் பார்த்தபடி துடைப்பத்தின் கட்டை அவிழ்த்தாள். அன்று அவள் எதுவும் கேட்கவில்லை. நேற்று மகள் கொடுத்ததற்குப் பிறகு இன்னொன்றும் கேட்பது பேராசை என்று நினைத்தாளோ என்னவோ.

"என்னடி, கேக்க மாட்டியா?" என்றாள் குயென்.

"கொதிச்சிருச்சா அக்கா?"

குயென் மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை பொறுத்து, சாவகாசமாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கொதிச்சு ஏழு வருஷம் ஆச்சு. வந்து உக்காரு."

லுவா உட்கார்ந்தாள். முக்காலியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், லாரி எதுவும் வருகிறதா என்று இருபக்கமும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் சுருட்டின பேப்பர் ஒன்றும் தீப்பெட்டியும் தயாராக இருந்ததையும் பார்த்தாள். அவள் பார்த்ததை குயெனும் பார்த்தாள். செருப்புக் காலால் அதை மெல்ல அடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்றைக்கு வியாபாரம் சுமாராக நடந்தது. லுவாவுக்கு அந்தச் சுமாரே போதும். லாரி வரவில்லை, உரல் உடையவில்லை, யாருக்கும் பல் போகவில்லை. அதற்குப் பிறகு ஐந்தரைப் போணி அவளுடையது. வூய்க்கு ஒரு காலைச் சாப்பாடு குறைந்தது, டாக்டருக்குச் சந்தோஷம்.

கடைக்குப் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் லுவா கதையை ஆரம்பித்துவிடுவாள். போன வாரம் துறைமுக அலுவலகத்துப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். அறுபது பேர், பாலம், வளர்ந்த முடி, எல்லாம் வரிசையாக வந்தன. அந்தப் பெண் முறைத்தாள். லுவா இறங்கி வந்தாள்.

"சரி, இருபதுதான். ஆனா முதல் காலடி என்னோடது. அதுல மட்டும் கலப்படம் கிடையாது."

குயென் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் அகப்பையைத் தட்டினாள்.

"காலடியாம். நான் வண்டியப் பிடிச்சுக்கிட்டுக் கீழதான் நின்னேன். கால் ரெண்டும் வாசலுக்கு வெளிய ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. முதல்ல உள்ள போனது இவ பின்பக்கம்."